ஈரத்தில் உலர்ந்த கைகள்

நம் வீட்டு அடுக்களையில் நிற்பவரின் கைகளை நாம் எப்போதாவது கூர்ந்து பார்த்திருக்கிறோமா? சோற்றைப் பார்க்கிறோம், குழம்பின் நிறத்தைப் பார்க்கிறோம், உப்புக் குறைந்தால் உடனே சொல்லிவிடுகிறோம். அந்தச் சோற்றை வடித்த கை எப்படி இருக்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு. நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் ஒருவருடைய கைகளைப் பார்த்தேன். ஆனால் பார்த்த விதம் பிழையாகிவிட்டது. அந்தப் பிழையை இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1995-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கரியாலூரை அடுத்த ஒரு மலைக்கிராமத்தின் தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றப்பட்டேன். அந்நாளில் கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமாக மலர்ந்தது 2019 நவம்பர் 26 அன்றுதான். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒருபுறம் விட்டு, வளைந்து வளைந்து மேலேறும் பேருந்தில் முதல் நாள் போனபோது, வயிற்றைப் புரட்டியது நினைவிருக்கிறது. மேலே போனதும் காற்றே வேறாகிவிட்டது. சமவெளியின் வெக்கையை அறிந்த எனக்கு அந்தக் குளிர்ச்சி ஒரு வரமாகப் பட்டது.

கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்களே வாழ்கிறார்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சாமையும் தினையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைவிப்பார்கள்; காட்டில் கடுக்காய் பொறுக்குவார்கள்; தேன் எடுப்பார்கள். 1976-ஆம் ஆண்டு வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அவர்களுடைய நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்த நாள்களை நினைவில் வைத்திருந்த முதியவர்கள், நான் போன காலத்தில் ஊர்தோறும் இருந்தார்கள். மேலிருந்து ஒருவர் சொன்னால் மறுபேச்சின்றிச் செய்யும் வழக்கம் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடவில்லை என்பதை நான் பின்னர்தான் புரிந்துகொண்டேன்.

பள்ளியில் ஏறக்குறைய எழுபது பிள்ளைகள். 1982 ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் சமையற்கூடம் ஒன்று பள்ளியை ஒட்டி இருந்தது. ஓடு வேய்ந்த ஒற்றை அறை, விறகு அடுப்பு, புகை போக வழியில்லாத சுவர். அங்கே சமையல் உதவியாளராக இருந்தவரைப் பிள்ளைகள் 'ஆயா' என்பார்கள். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். அதனால் நான் 'அக்கா' என்றே அழைத்தேன். காலையில் தண்ணீர் சுமந்து, அரிசி களைந்து, பருப்பு அலசி, காய் நறுக்கி, மதியம் பரிமாறி, பிறகு கரிபிடித்த பெரிய பாத்திரங்களைச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் அவர் வீடு திரும்புவார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் பிள்ளைகள் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டன. சுகாதாரப் பணியாளர் வந்து கிணற்றில் மருந்து தெளித்தார். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கக் கற்பித்தார். கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அது முற்றிலும் சரியான அறிவுரை. கை கழுவும் பழக்கம் பேதி நோயை வெகுவாகக் குறைக்கும் என்பதில் இன்றும் எவருக்கும் ஐயமில்லை.

நான் அந்த அறிவுரையை ஒரு சட்டமாக்கினேன். கள்ளக்குறிச்சியிலிருந்து துணி துவைக்கும் சோப்புக் கட்டிகள் நான்கைந்தை என் பணத்தில் வாங்கிவந்து அக்காவிடம் கொடுத்தேன். அரிசியைத் தொடுமுன் கழுவ வேண்டும்; காயைத் தொட்டால் கழுவ வேண்டும்; விறகைத் தொட்டால் கழுவ வேண்டும்; குடத்தைத் தொட்டால் கழுவ வேண்டும்; பரிமாறுமுன்னும் பின்னும் கழுவ வேண்டும். சமையற்கூடத்துக் கதவில் அட்டையில் எழுதியும் தொங்கவிட்டேன். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது தொங்கவிட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆயினும் அவர் ஒன்றையும் மறக்கவில்லை. நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் செய்தார். ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவினார் என்று அப்போது நான் எண்ணவில்லை. பின்னர் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன், இருபதைத் தாண்டியது. பாத்திரம் துலக்குவது இதில் சேராது.

பேதி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்கு வந்தபோதெல்லாம் உறவினரிடம் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்கழி வந்தது. மலையில் பனி இறங்கினால் காலை பத்து மணி வரை விலகாது. தண்ணீர் கையை அறுக்கும். அக்கா அப்போதெல்லாம் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பேசுவார். குளிருக்காக என்று நினைத்தேன். ஒரு நாள் மதியம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "ஆயா கையில ரத்தம்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். விரல் மடிப்புகளில் கோடு கோடாக வெடிப்பு. புறங்கை சிவந்து, செதிலுரிந்து, வறண்ட ஏரியின் தரைபோலக் கிடந்தது. சுண்டுவிரலை அடுத்த விரலில் பித்தளை மோதிரத்தைச் சுற்றிப் புண்ணாகியிருந்தது. கட்டைவிரல் வெடிப்பிலிருந்து கசிந்த இரத்தம் கரண்டிப் பிடியில் பட்டிருந்தது.

அந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்று தெரிகிறது. செய்தது வேறு. முகத்தைச் சுளித்தேன். "இந்தக் கையாலா பிள்ளைகளுக்குப் போடுறீங்க? ஒட்டிக்கிற நோயா இருந்தா என்ன செய்வது?" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி கேட்டேன். கரண்டியை வாங்கி வைத்தேன். நாளை முதல் பரிமாற வேண்டாம், பாத்திரம் துலக்கினால் போதும் என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றார் அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை.

தமிழில் 'கைகழுவிவிட்டான்' என்றால் பொறுப்பைத் துறந்துவிட்டான் என்று பொருள். அவரைக் கை கழுவச் சொன்னவள் நான். அன்று அவரைக் கைகழுவியவளும் நானே. அதைவிடக் கொடுமை, எந்த வேலை அவருடைய கைகளை அழித்ததோ அதையே முழுநேர வேலையாகக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் காத்துவிட்டதாக நிம்மதியும் அடைந்தேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மாலை வீடு தேடிப் போனேன். தாழ்வான கூரை, சாணமிட்டு மெழுகிய திண்ணை. அங்கே அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய பன்னிரண்டு வயது மகள் கேழ்வரகுக் களியை உருட்டி, கீரைக் குழம்பில் தோய்த்து அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழம்பின் காரமும் புளியும் வெடிப்புகளில் பட்டால் தாங்க முடியவில்லையாம். எழுபது பிள்ளைகளுக்கு அன்றாடம் சோறிட்ட கை, தன் வாய்க்கு ஒரு கவளம் எடுத்துச் செல்ல முடியாமல் மடியில் மல்லாந்து கிடந்தது.

அந்தச் சனிக்கிழமையே அவரை அழைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். தோல் மருத்துவர் ஒருவர் இரு கைகளையும் விளக்கருகே பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்: "என்ன வேலை செய்றீங்கம்மா? கை எவ்வளவு நேரம் தண்ணியில இருக்கும்? என்ன சோப்பு?"

அக்கா சொன்னார். சோப்பின் நிறத்தைச் சொன்னார். எத்தனை முறை கழுவுகிறார் என்பதையும் சொன்னார். யார் கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. மருத்துவரே கேட்டார். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இது தொற்றுநோய் அன்று, பிள்ளைகள் எவருக்கும் ஒட்டாது என்று முதலில் தெளிவுபடுத்தினார். பிறகு பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எனக்கு விளக்கினார். தோலின் வெளிப்படலம் செங்கற்சுவரைப் போன்றது. உயிரிழந்து தட்டையான அணுக்கள் செங்கற்கள்; அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. அந்தச் சாந்து உள்ளவரை உடலின் ஈரம் வெளியே போகாது. வெளியிலுள்ள காரமும் நஞ்சும் உள்ளே வராது. சோப்புக்கு அழுக்கிலுள்ள எண்ணெயும் ஒன்றுதான், தோலிலுள்ள கொழுப்பும் ஒன்றுதான். இரண்டையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும். நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அதன் அளவு 5-ஐ ஒட்டி நிற்கும். சாதாரணச் சோப்பு காரத்தன்மை உடையது. 9 அல்லது 10 வரை போகும். ஒருமுறை கழுவினால் தோல் சிறிது நேரத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதற்குள் மறுபடி, மறுபடி கழுவினால் சாந்து கரைந்த சுவர் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். விறகுச் சாம்பலும் காரமே. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் இயற்கையிலேயே இல்லை. ஆதலால் இழந்ததை ஈடுகட்ட அங்கே வழியும் குறைவு.

"தண்ணியில இருக்கிற கை எப்படி டாக்டர் காயும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது தோலின் ஈரத்தையும் உடன் கொண்டுபோகிறது. நனைந்து உலர்வதுதான் தோலை மிகவும் வறளச் செய்வது என்றார். குளிர்காலத்து வறண்ட காற்று மீதியைச் செய்துவிடும்.

மருந்தாகச் சில வாரங்களுக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அளவும் நாளும் குறித்து, அதற்குமேல் பூசக் கூடாது என்று எச்சரித்தார். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாகக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் பூசுவோருக்குத் தோல் மெலிந்துபோகும் என்றார். மற்றவை எல்லாம் மருந்தல்ல, பழக்கங்களே. மோதிரத்தைக் கழற்ற வேண்டும்; அதனடியில் சோப்பும் ஈரமும் தங்கித்தான் புண் முதலில் அங்கே தொடங்கும். சுடுநீர் கூடாது, இளஞ்சூடோ சாதாரண நீரோ போதும். கழுவியபின் சோப்பு வழுவழுப்பு எஞ்சாமல் அலச வேண்டும். பழைய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். விரலிடுக்குகளை மறக்கக் கூடாது. தோலில் சற்று ஈரப்பசை இருக்கும்போதே தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசிவிட வேண்டும். அப்போதுதான் இருக்கும் ஈரம் உள்ளே பூட்டப்படும். இரவில் கனமாகப் பூசி, மெல்லிய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு உறங்க வேண்டும். வெடிப்பு ஆறும்வரை மிளகாய், பூண்டு, புளி, எலுமிச்சை ஆகியவற்றை வெறுங்கையால் தொடக் கூடாது.

எலுமிச்சை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. கரி போக எலுமிச்சைத் தோலால் தேய்க்கும்படி ஒரு முறை நான்தான் சொல்லியிருந்தேன்.

இறுதியாக ஒன்றைக் கேட்டேன். கழுவுவதைக் குறைத்தால் பிள்ளைகளுக்கு மறுபடி பேதி வராதா? அவர் சொன்ன விடை இன்றும் பயன்படுகிறது. கழுவுவதை நிறுத்தச் சொல்லவில்லை; எங்கே சோப்பு வேண்டும், எங்கே தண்ணீர் போதும் என்று பிரித்துக்கொள்ளச் சொன்னார். மலம் கழித்த பின், சமையலைத் தொடங்குமுன், பச்சை முட்டையும் இறைச்சியும் மீனும் தொட்ட பின், பரிமாறுமுன் சோப்பு கட்டாயம் வேண்டும். கத்தரிக்காயை விட்டு வெண்டைக்காயை எடுப்பதற்குச் சோப்பு எதற்கு? வேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டால் பாதிக் கழுவுதல் தானே குறையும் என்றார். நாற்பது பேர் வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுதத் தெரிந்த எனக்கு, ஒருவருடைய வேலையை இப்படி வகுத்துக்கொடுக்கத் தோன்றவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் அக்கா வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அணை தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: "பலாப்பழம் அறுக்கும்போது பால் ஒட்டக் கூடாதுன்னு முன்னாடியே எண்ணெய் தடவிக்கிறோம். சேனைக்கிழங்கு வெட்டவும் தடவிக்கிறோம். தண்ணிக்கு மட்டும் தடவிக்கணும்னு தோணாமப் போச்சே டீச்சர்." மருத்துவர் அரைமணி நேரம் சொன்னதை அவர் ஒரு வரியில் பிடித்துவிட்டார். மிளகாயின் எரிச்சலும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும் என்பது நம் பாட்டிமார் அறிந்ததே.

மறுநாள் முதல் மாற்றங்கள் செய்தோம். காலையில் எல்லாக் காய்களையும் ஒரே மூச்சில் நறுக்கிவிட்டு அதன்பின் ஒருமுறை கழுவுவது என்று வகுத்துக்கொண்டோம். அடிப்பிடித்த பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டோம். ஊறியபின் பாதி நேரம் தேய்த்தால் போதும். பாத்திரம் துலக்குவதை அமைப்பாளரிடம் பேசி மற்றொருவருடன் பகிர்ந்து கொடுத்தோம். ரப்பர் கையுறை மலையில் கிடைக்காது. நான் விழுப்புரத்தில் தேடி வாங்கிவந்தேன். வெறும் ரப்பருக்குள் கை வியர்த்து அதுவே புண்ணை வளர்க்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆதலால் உள்ளே அணியப் பழைய வேட்டியில் மெல்லிய பருத்தி உறை தைத்துக் கொடுத்தேன். துவைக்கும் சோப்பை எடுத்துவிட்டுக் குளிக்கும் சோப்பு வைத்தோம். அக்காவின் தாயார் தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கி ஆறவைத்துக் கொடுத்தார். பாதவெடிப்புக்கு அவர்கள் வீட்டில் எப்போதும் செய்வதுதான். வாசலின் தீர்ந்துபோன நாள்களில் அது நன்றாகவே உதவியது. கனமான பூச்சு ஏதாவது தோலின் மேல் நின்று ஈரத்தைக் காக்க வேண்டும். அவ்வளவே அதன் வேலை.

மாசி பிறந்தபோது வெடிப்புகள் மூடியிருந்தன. மேற்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பார்வைக்கு ஆறிய பின்னும் உள்ளே அரண் உறுதிப்படச் சில மாதங்கள் வேண்டும். ஆகையால் பூச்சை நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்கா நிறுத்தவில்லை. ஒரு திங்கட்கிழமை கரண்டியை மறுபடி அவர் கையில் கொடுத்தேன். பிள்ளைகள் மகிழ்ந்து கூவினார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் நான் சொன்ன சொல்லை, எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் நான் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன், மருந்து வாங்கிக் கொடுத்தேன், கணக்கு நேராகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். 1999-இல் மாற்றலாகிக் கீழே வந்துவிட்டேன்.

பின்னாளில் ஒரு வரலாற்றைப் படித்தபோது அக்காவை நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அறுவைக்கூடத்துச் செவிலியாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் கரைசல் அவருடைய கைகளைப் புண்ணாக்கியது. வேலையை விட்டுவிடும் நிலைக்கு வந்தார். அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவரை அனுப்பிவிடவில்லை. குட்இயர் ரப்பர் நிறுவனத்துக்கு எழுதி, மெல்லிய கையுறைகள் செய்து வரவழைத்துக் கொடுத்தார். 1890-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். இன்று உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் அணியும் கையுறை, நோயாளியைக் காக்க என்று தொடங்கியதன்று. ஒரு பணிப்பெண்ணின் வெடித்த கைகளைக் காக்கத் தொடங்கியது. நோயாளிக்கும் அது நன்மை என்பது பிறகு தெரிந்தது. புண்ணான கைகளைக் கண்டு ஒருவர் கையுறை செய்வித்தார். அதே போன்ற கைகளைக் கண்டு நான் கரண்டியைப் பிடுங்கினேன்.

ஜெர்மனியின் தொழிற்பாதுகாப்பு விதிகளில் 'ஈர வேலை' என்றே ஒரு வகை உண்டு. ஒரு நாளில் 2 மணி நேரத்துக்குமேல் கைகள் ஈரத்தில் இருந்தால் அவ்வேலை அதில் அடங்கும். அத்தகையோரின் தோலைக் காப்பது வேலை கொடுப்பவரின் கடமை. நம் வீடுகளில் எந்தப் பெண்ணின் கை நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஈரத்தில் இருக்கிறது? அதற்கு நாம் எந்தப் பெயரும் வைக்கவில்லை. வீட்டு வேலை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

2020-இல் கொரோனா வந்தது. உலகமே கை கழுவியது. அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். படுக்கையில் இருந்த கணவரைக் கவனிக்கும் பொறுப்பும் அடுக்களையும் என் ஒருத்தியின் கைகளில். தொற்று வந்துவிடுமோ என்ற அச்சத்தில் தொட்டதற்கெல்லாம் சோப்பு. மூன்றே வாரத்தில் என் விரல் மடிப்புகள் வெடித்தன. முதல்நாள் ரசத்துக்குப் புளி கரைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த எரிச்சலோடுதான் 1995-ஆம் ஆண்டின் மார்கழி எனக்கு முழுமையாகப் புரிந்தது. இந்தக் கையோடுதான் அவர் எங்கள் அண்டாக்களைச் சாம்பலிட்டுத் தேய்த்தார்; மூன்று வாரம்; ஒரு சொல்லும் சொல்லாமல்.

நல்லவேளையாக என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தாலிக்கொடிக்கு அடுத்து நான் கழற்றாமல் வைத்திருந்த திருமண மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். குழாயருகே தேங்காயெண்ணெய்க் கிண்ணம் ஒன்று வைத்தேன். கழுவி ஒற்றியதும் இரு சொட்டு. கை அழுக்காக இல்லாதபோது, அடுப்பிலிருந்து விலகி நின்று, கிளிசரின் கலந்த கிருமிநாசினித் திரவத்தைப் பயன்படுத்தினேன். சோப்பைவிட அது தோலை வறளச் செய்வது குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் கைகளைக் காப்பதற்கென்றே 1.45 விழுக்காடு கிளிசரின் சேர்க்கப்படுகிறது. இரவில் வாசலின், பழைய பருத்திக் காலுறை. ஒரு மாதத்தில் ஆறியது. உங்களில் யாருக்கேனும் வெடிப்பில் சீழ் வைத்தாலோ, நகக்கண் வீங்கினாலோ, நீர்க்கொப்புளம் எழுந்தாலோ, இந்த எளிய முறைகளில் சில வாரங்களில் குணம் தெரியாவிட்டாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். பூண்டு உரிக்கும்போது அதைப் பிடித்திருக்கும் கையின் விரல்நுனிகள் மட்டும் வெடிக்குமானால் பூண்டே ஒவ்வாமையாக இருக்கக்கூடும். அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில், உறவினர் சிலர் கரியாலூரைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டபோது நானும் சேர்ந்துகொண்டேன். அவர்கள் அருவி பார்க்கப் போனார்கள். நான் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். கூரை போய்த் தளம் போட்ட வீடு. அக்காவுக்குத் தலை முழுதும் வெளுத்திருந்தது. அன்று அம்மாவுக்குக் களி ஊட்டிய மகள் இன்று மகளிர் குழுவில் இருக்கிறாள். பள்ளியின் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறாள். 2022 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாகியிருந்தது. விடியுமுன் எழுந்து போகிறாளாம். என் கண் தானாக அவள் கைகளுக்குப் போனது. வழவழவென்று இருந்தன. "அம்மா தினமும் கேட்பாங்க டீச்சர், எண்ணெய் தடவினியான்னு" என்று சிரித்தாள்.

அவள் உள்ளே போனதும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இருபத்தெட்டு ஆண்டுகள் தாமதமாக. அக்கா சற்று நேரம் பேசவில்லை. "அதையெல்லாம் யாரு நெனச்சா டீச்சர்" என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் அதை விரும்பவும் செய்தேன் போலும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"புண்ணு ஒரு மாசத்துல ஆறிடுச்சு. நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க, அதை மறக்கல. பிள்ளைங்க முன்னாடி சொன்னீங்களே, அதுதான் ரொம்ப நாள் இருந்துச்சு. பரிமாறப் போகும்போதெல்லாம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்குவேன்."

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் எழுந்து உள்ளே போனார். தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. கை கழுவுகிறார் என்று தெரிந்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தட்டில் வந்தன. எதிரே உட்கார்ந்து, கரண்டியை எடுக்காமல், தம் கையாலேயே எனக்குச் சோற்றை அள்ளி வைத்தார். "சாப்பிடுங்க டீச்சர், ஆறிப்போகுது" என்றார்.

சாப்பிட்டேன். மலைச்சாமையின் சுவை மாறவேயில்லை. கிளம்பும்போது வாங்கிப் போயிருந்த வாசலின் டப்பாவைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, தேன்மெழுகுக் களிம்பு ஒரு சிறு சீசாவில் எனக்குக் கொடுத்தார். அது இப்போது என் குழாயடியில், எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு உணவு முடிந்ததும், உங்கள் வீட்டில் சமைத்தவரின் கைகளை விளக்கருகே வாங்கிப் பாருங்கள். மனைவியோ, தாயோ, மருமகளோ, வேலைக்கு வரும் அம்மாவோ, யாராயினும் சரி. வெடிப்பு இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு கிண்ணம் எண்ணெய் கொண்டுவந்து வையுங்கள். பிறகு அன்றைய பாத்திரங்களை நீங்கள் துலக்குங்கள்.